கடல்நாய்க்கு எழுதின சட்டம் யாழ்ப்பாணத்து நண்டு வலையில் வந்து நிற்கிறது: உங்கள் கருத்து என்ன?

வெள்ளவத்தை வாசி:

எல்லோருக்கும் வணக்கம்.

மகள் எட்டாம் வகுப்பு. காட்டுயிர்களைக் காக்கும் சட்டங்கள் பற்றிப் பாடசாலையில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் யானை, சிறுத்தை என்று எடுக்க, இவள் கடல்நாயை எடுத்துவிட்டாள். சின்ன வயதில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கடற்சிங்கத்தைப் பார்த்தது இன்னும் மனதில் நிற்கிறது. "அப்பா, அடைச்சு வைக்காத இடத்தில அதுகளை ஆர் பாத்துக்கொள்ளுறது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடி இரண்டு வாரமாக இரவிரவாக வாசிக்கிறேன். வாசித்துக்கொண்டு போனால் கடைசியில் நம்முடைய வடக்குக் கடலில் வந்து நிற்கிறேன். அதனால்தான் இந்த இழை.

விஷயம் இதுதான். 1972 ஒக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டார். கடல்நாய், கடற்சிங்கம், திமிங்கிலம், ஓங்கல் (டொல்பின்), கடற்பசு, பனிக்கரடி எல்லாம் அதற்குள் வரும். கொல்வதை மட்டும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. துரத்துவது, பிடிக்கப் பார்ப்பது, கரையில் படுத்திருப்பதைத் தொந்தரவு செய்வது கூடக் குற்றம். அதே சட்டத்தில் இறக்குமதி பற்றியும் ஒரு பிரிவு இருக்கிறது. தங்கள் மீனவர்களுக்கு விதித்த அளவைத் தாண்டிக் கடல் பாலூட்டிகளைச் சாகடிக்கும் முறையில் பிடித்த மீனை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது என்பது அது. பல நாட்டு மீன்களைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு நாற்பது வருடத்துக்கு மேல் ஏட்டில்தான் கிடந்தது. 2016 ஓகஸ்டில் அதற்கு விதிமுறை எழுதினார்கள். அவகாசம் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் தடை தொடங்கும் நாள் 2026 ஜனவரி 1 என்று குறித்தார்கள். 2025 செப்டெம்பரில் வந்த முடிவில் 46 நாடுகளின் 240 மீன்பிடித் தொழில்கள் தேறவில்லை. அவற்றில் நம் நாட்டு நீலக்கால் நண்டும் ஒன்று. அதை எதிர்த்து அமெரிக்க இறக்குமதிக்காரர்களே நீதிமன்றம் போனார்கள்.

நான் கணக்குப் பதிவாளர். கடலும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆனால் இதை வாசித்த பிறகு மனம் இரண்டாகிக் கிடக்கிறது. அந்த உயிர்கள் காக்கப்பட வேண்டும் என்று மகளோடு சேர்ந்து நானும் நினைக்கிறேன். நண்டுக்காரரின் வயிற்றில் அடித்துத்தான் அதைச் செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஜெ:

அண்ணா, எங்கட பெரியம்மா குருநகரில் இருக்கிறா. பன்னிரண்டு வருசம் நண்டுத் தசை பிரிக்கிற வேலை செய்தவ. விடியப்புறம் போய் நிண்டால் பின்னேரம் வரைக்கும் நிக்க வேணும், கையெல்லாம் வெட்டுக்காயம். அந்தக் காசிலதான் இரண்டு பிள்ளைகளும் கம்பஸ் போனவை. அவ வேலை செய்த இடத்தைப் போல இடங்களில முக்கால்வாசிப் பேர் பெண்கள், அதிலயும் கணவனை இழந்த பெண்கள் கனபேர்.

எங்கட கடலில கடல்நாயே இல்லை. இல்லாத மிருகத்துக்காக எங்கட சனத்தின்ர வேலையைப் பறிக்கிறது எந்த ஊர் நியாயம்? சண்டை நடந்த காலத்தில கடலுக்குப் போக விடவில்லை. பிறகு இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது. இப்ப இது. கோபத்தில எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

பம்பலப்பிட்டி ஆசிரியை:

ஜெ, உங்கள் கோபம் விளங்குகிறது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். 2019 கடைசியில் நம் தெற்குக் கரையில் ஒரு தென் யானைக் கடல்நாய் வந்தது. தென்துருவப் பக்கத்துத் தீவுகளில் வாழும் விலங்கு அது, வழி தவறி இவ்வளவு தூரம் நீந்தி வந்திருந்தது. நம் கடலுக்குச் சொந்தமான கடல்நாய் இனம் கிடையாது என்பது சரிதான். ஆனால் ஒன்று வந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மகளிடம் சொல்லுங்கள்: கடல்நாய் வேறு, நீர்நாய் வேறு. நீர்நாய் நம் ஆறுகளிலும் குளங்களிலும் இருப்பது. விடைத்தாள்களில் இரண்டையும் குழப்பி எழுதும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். சீல் என்று எழுதினாலும் பிழையில்லை.

புதுக்கடைச் சட்டத்தரணி:

நல்ல இழை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆசிரியையின் கேள்வி. நம்முடைய தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். பலமுறை திருத்தி, 2009இல் பெரிதாகத் திருத்தினார்கள். பாலூட்டிகளைப் பொறுத்தவரை இன்று அதன் ஏற்பாடு, பாதுகாப்பு இல்லாதவற்றைத்தான் பட்டியல் போடுவது. பட்டியலில் இல்லாத காட்டுப் பாலூட்டிக்குக் கை வைத்தால் குற்றம். ஆகவே வழி தவறி வந்த கடல்நாய்க்கும் இந்த மண்ணில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இப்போது ஜெ கேட்டது. கடல்நாய் இல்லாத ஊருக்கு ஏன் இந்தச் சட்டம்? நண்டு வலையில் ஓங்கலும், ஆவுளியா என்று நாம் சொல்லும் கடற்பசுவும் மாட்டலாம் என்பதால். சட்டம் கடல் பாலூட்டிகள் எல்லாவற்றுக்குமானது. ஆனால் கடல்நாயின் சட்ட வரலாற்றைப் படித்தால்தான் நமக்குப் பாடம் கிடைக்கும், அதனால் வெள்ளவத்தை வாசியின் மகள் எடுத்த தலைப்பு மிக நல்ல தலைப்பு.

1911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வட பசிபிக்கில் உரோமக் கடல்நாயைத் தோலுக்காக நடுக்கடலில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுட்டதில் பல கைக்கு வராமல் மூழ்கிவிடும். செத்தவற்றில் பால் கொடுக்கும் தாய்களும் இருக்கும், கரையில் குட்டி பட்டினி கிடந்து சாகும். அந்த வருடம் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவுக்காக பிரிட்டன் ஆகிய நாலும் உடன்படிக்கை செய்து நடுக்கடல் வேட்டையை நிறுத்தின. ஜப்பானும் கனடாவும் ஏன் ஒத்துக்கொண்டன? குட்டி போடும் முக்கியமான தீவுகள் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் சொந்தம். அங்கே கட்டுப்பாட்டோடு எடுக்கும் தோலில் கனடாவுக்கு 15 சதவீதம், ஜப்பானுக்கு 15 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேட்டையை விட்டவனுக்குப் பங்கு கிடைத்தது. மந்தை திரும்பப் பெருகியது.

அடுத்தது பிரிட்டன். 1914இல் சாம்பல் கடல்நாய்க்காக ஒரு சட்டம் போட்டார்கள். ஒக்டோபர் 1 முதல் டிசெம்பர் 15 வரை, குட்டி போடும் காலத்தில், கொல்லக் கூடாது. பிறகு 1970இல் விரிவான சட்டம் வந்தது. அதிலும் ஒரு ஓட்டை விட்டு வைத்தார்கள்: வலைக்கோ வலையில் கிடக்கும் மீனுக்கோ சேதம் வராமல் தடுக்க, வலைக்குப் பக்கத்தில் நிற்கும் கடல்நாயைச் சுடலாம். இந்த விதிவிலக்கு ஐம்பது வருடம் உயிரோடு இருந்தது. சட்டத்தின் தலைப்பில் கடல்நாயைக் காப்பது என்று இருக்கிறது. வலைக்குப் பக்கத்தில் அந்தக் காப்பு இல்லை. மீன் தின்னும் விலங்கு வலைக்குப் பக்கத்தில் வராமல் வேறு எங்கே போகும்?

கிளாஸ்கோ சிவா:

சட்டத்தரணி ஐயா விட்ட இடத்தில் நான் தொடரலாமா? நான் பிறந்தது வளர்ந்தது பம்பலப்பிட்டி, இருபது வருடமாக ஸ்கொட்லாந்தில். அதில் ஆறு வருடம் வடக்கில் ஒரு சல்மன் மீன் பொதியிடும் ஆலையில் வேலை.

கடலில் கூண்டு போட்டுச் சல்மன் வளர்க்கும் பண்ணைக்காரர் கடல்நாயைச் சுடுவது அங்கே வழமையாக இருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்றாகி, சுடும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. விலங்கு நல அமைப்புகள் கத்திக்கொண்டே இருந்தன. ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. கூண்டு வலையைக் கடல்நாய் கடித்துக் கிழித்தால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் மீன் போய்விடும், எனக்கும் அந்தக் கவலை தெரியும், என் சம்பளமும் அந்த மீனில்தானே.

பிறகு அமெரிக்காவின் 2016 விதி வந்தது. வேண்டுமென்று கடல் பாலூட்டியைக் கொல்ல அனுமதிக்கும் நாட்டு மீன் அமெரிக்காவுக்குள் வராது என்று அதில் இருந்தது. ஸ்கொட்லாந்துச் சல்மனுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. பல வருடக் கத்தலில் நடக்காதது அப்போது நடந்தது. 2021 பெப்ரவரி 1 முதல் பண்ணையைக் காக்கச் சுடுவதற்கு ஸ்கொட்லாந்தில் அனுமதி இல்லை. ஒரு மாதம் கழித்து, மார்ச் 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வலை விதிவிலக்கை எடுத்துவிட்டார்கள்.

ஆலை மூடப்படும் என்று நாங்கள் பயந்தோம். மூடவில்லை. கூண்டு வலையைத் தடிப்பான நூலுக்கு மாற்றினார்கள், தொய்யாமல் இழுத்துக் கட்டினார்கள், செத்த மீனை அன்றன்றே எடுத்தார்கள். செத்த மீன் அடியில் கிடந்தால்தான் கடல்நாய் வந்து வலையை மோதும். இவை எல்லாம் முன்னமே தெரிந்த வேலைதான். துப்பாக்கி மலிவு என்பதால் யாரும் செய்யவில்லை.

ஜெ தங்கச்சி, உங்கள் பெரியம்மாவின் வேலை பெரிது, அதை நான் சின்னதாக்கவில்லை. அந்தப் பயத்தை நானும் அனுபவித்தவன் என்பதால் எழுதினேன்.

கொட்டாஞ்சேனை ஜெ:

சிவா அண்ணா, உங்கட பண்ணைக்காரரிட்டக் காசு இருந்தது, வலை மாத்தினவை. பாசையூரில, மாதகலில ஒரு வள்ளமும் கடன்பட்டு வாங்கின நண்டு வலையும் வைச்சிருக்கிற ஆள் எதை மாத்துறது?

கடலடிப்புல்:

ஜெ கேட்டதுதான் இந்த இழையின் நடுக் கேள்வி என்று நினைக்கிறேன். நான் கடல் உயிரியல் படித்தவள், மூன்று வருடம் மன்னார்க் கரையில் சாதாழை என்ற கடற்புல் படுக்கைகளை அளந்து திரிந்தேன்.

அமெரிக்க விதி எதை எதிர்பார்க்கிறது என்று முதலில் சொல்கிறேன். ஒரு இனத்தில் வருடத்துக்கு எத்தனை உயிர் வரை வலையில் செத்தாலும் அந்த இனம் தாங்கும் என்று ஒரு வரம்பு. மூன்று எண்ணைப் பெருக்கினால் அது வரும்: அந்த இனத்தில் குறைந்தது எத்தனை உயிர் இருக்கிறது, அது வருடத்தில் பெருகக்கூடிய வேகத்தில் பாதி, பிறகு நிலைமை மோசமாக இருந்தால் இன்னும் குறைக்க ஒரு பின்னம். கடல்நாய் வருடத்துக்கு 12 சதவீதம் வரை பெருகும் என்று எடுப்பார்கள், ஓங்கலும் திமிங்கிலமும் 4 சதவீதம். ஆயிரம் கடல்நாய் இருந்து பின்னம் அரை என்றால் வரம்பு 30. ஆயிரம் ஓங்கல் என்றால் 10. எண்ணிப் பார்க்காத நாட்டில் முதல் எண்ணே இல்லை, ஆகவே வரம்பும் இல்லை.

நம் ஆவுளியா இன்னும் மெதுவாகப் பெருகும் விலங்கு. முதல் குட்டி போட ஆறு முதல் பதினேழு வயது வரை ஆகும். சினைக்காலம் ஒரு வருடத்துக்கு மேல். ஒரு முறைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம். ஒன்றரை வருடம் தாயோடு திரியும். வளர்ந்த பெண் ஆவுளியா ஒன்று வலையில் மூச்சு முட்டிச் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை வருடம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அது மீனைப் போல நீருக்குள்ளேயே கிடக்க முடியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். வலை அந்தச் சில நிமிடத்தை எடுத்துவிடுகிறது.

சட்டம் சரியாகப் போய் வலையைப் பிடித்த ஒரு இடம் எனக்குத் தெரியும். பின்லாந்தில் சைமா என்ற ஏரி. பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது கடலிலிருந்து பிரிந்துபோன ஏரி அது, அதற்குள் ஒரு கடல்நாய் இனமும் அகப்பட்டுக்கொண்டது. வேறு எங்கும் இல்லாத இனம். 1955இலேயே வேட்டையைத் தடை செய்தார்கள். ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் 200க்கும் குறைவாகப் போய்விட்டது, ஏனென்றால் துப்பாக்கி நின்றது, வலை நிற்கவில்லை. உறைபனியில் பிறக்கும் குட்டி, இளவேனிலில் நீந்தப் பழகும்போது மீன் வலையில் மாட்டிச் செத்தது. பிறகுதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை அந்தப் பகுதியில் வலை போடுவதில்லை என்ற ஏற்பாடு வந்தது. முதலில் ஏரி நீருக்கு உரிமைக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் எழுதி, நட்டஈடு கொடுத்துச் செய்தார்கள். இன்றைக்கு 400க்கும் மேல் இருக்கின்றன.

சட்டத்தரணி ஐயா சொன்ன 1911க் கதையும் இதுவும் ஒன்றாகப் பொருந்துவதைக் கவனித்தீர்களா?

பேசாலைப் பொடியன்:

வணக்கம். நான் பேலியகொடையில மீன் லொறிக் கணக்குப் பாக்கிறவன். ஊர் பேசாலை. அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கடல். இங்க எழுதுற வழக்கம் இல்லை, ஆனா இதுக்கு எழுதாம இருக்க ஏலாது.

ஆவுளியாவை எங்க பக்கம் கடற்பன்றி எண்டும் சொல்லுவாங்க. என்ர அப்பப்பா காலத்தில அது பிடிபட்டா ஊருக்கே இறைச்சி. அதை மறைச்சுக் கதைக்கிறதில பிரயோசனம் இல்லை. தடை எண்டு 1970இல வந்தது. அதுக்குப் பிறகும் களவாக நடந்தது, டைனமைற் போட்டும் செத்தது. இப்ப எங்க வயசு ஆக்கள் அதை உயிரோட கண்டதே குறைவு. நான் ஒரேயொரு தடவை கண்டிருக்கிறன், பன்னிரண்டு வயசில. தாயும் குட்டியும். அப்பா எஞ்சினை நிப்பாட்டிட்டு, "சத்தம் போடாத, பால் குடுக்குது" எண்டார். அந்தக் காட்சி இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்க. வலைக்குள்ள அது செத்துக் கிடந்தா மீனவன் என்ன செய்வான்? திணைக்களத்துக்குச் சொன்னா, நீதான் கொண்டாய் எண்டு கேள்வி வரும் எண்டு பயம். அதால கல்லைக் கட்டித் தாட்டுப்போடுவான். இல்லாட்டி ஆசைப்பட்ட ஒருத்தன் இரவோட இரவா வெட்டி வித்துப்போடுவான். எப்படிப் பாத்தாலும் கணக்கில வராது. அக்கா சொன்ன அந்த முதல் எண் எங்க இருந்து வரும்? தண்டனையை மட்டும் சட்டத்தில எழுதி வைச்சிட்டு, உண்மையைச் சொல்ல வாறவனுக்கு ஒரு வழியும் வைக்காட்டி உண்மை கடலுக்கடியிலதான் கிடக்கும்.

பிறகு சாதாழை. ஆவுளியா தின்னுறது அதுதான். இரவில இழுவைமடிக்காரர் வந்து அடியோட வழிச்சுக்கொண்டு போறாங்க. எங்கட பாராளுமன்றம் 2017இல இழுவைமடியைத் தடை செய்து சட்டம் போட்டது. சட்டம் எங்க ஆக்களை நிப்பாட்டிச்சு. அக்கரையில இருந்து வாறவங்களை நிப்பாட்டவில்லை. அமெரிக்காக்காரன் நண்டு வலையைக் கேள்வி கேக்கிறான், சரி, கேக்கட்டும். சாதாழையை வழிச்சவனை ஆர் கேக்கிறது?

நீர்கொழும்பு அன்ரனி:

பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனைத் தடை செய்தது, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று. எங்கள் பக்கத்தில் பலநாள் படகுகள் கட்டிக் கிடந்தன, ஐஸ் ஆலைக்குக் கூட வேலை குறைந்தது. என் மைத்துனர் அந்த வருடம் படகையே விற்றார். பிறகு படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள், பதிவேடு கட்டாயமானது, 2016 ஜூனில் தடை நீங்கியது.

இன்றைக்கு அந்தக் கருவியால் காணாமல் போகும் படகைத் தேடவும் முடிகிறது. அதை நன்மை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருடத்து இழப்பை ஒருவரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. விதி 2016இல் வந்தது, நாள் 2026. பத்து வருடம் இருந்தது. அந்தப் பத்து வருடத்தில் எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்கு இதைப் பற்றி ஒருவரும் வந்து சொல்லவில்லை. எனக்கு இந்த இழையில்தான் தெரியும்.

தெஹிவளை ரவி:

எல்லோரும் ஒரு பக்கமாகக் கதைக்கிறீர்கள். கடல்நாய் பெருகினால் மீன் குறையும்தானே? பாதுகாத்த நாடுகளில் மீனவர்கள் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி:

ரவி கேட்டது நியாயமான கேள்வி. பிரிட்டனில் இன்று உலகச் சாம்பல் கடல்நாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கின்றன, மீனவர் முறைப்பாடும் கூடவே இருக்கிறது. அமெரிக்கச் சட்டமே இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. கொலம்பியா ஆற்றில் பொனவில் அணைக்கட்டடியில் தேங்கி நிற்கும் சல்மனைக் கடற்சிங்கங்கள் தின்று தீர்க்க, அழியும் நிலையிலுள்ள அந்தச் சல்மனைக் காக்கச் சிலவற்றை அகற்ற அனுமதி கொடுத்தார்கள். 2018இல் அந்த அதிகாரத்தை விரித்தார்கள். ஆனால் அணை கட்டி மீனை ஓரிடத்தில் தேக்கி வைத்தது மனிதன் என்பதையும் மறக்கக் கூடாது.

பெருகிய பிறகு வரும் பிரச்சினை அது. கரிபியன் கடலில் ஒரு துறவிக் கடல்நாய் இனம் இருந்தது. 1952க்குப் பிறகு யாரும் காணவில்லை, 2008இல் அழிந்தது என்று அறிவித்தார்கள். பாக்குநீரிணை ஆவுளியா இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பேசாலைத் தம்பி சொல்லிவிட்டார்.

ஜெ பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்த் தோல், எண்ணெய் எல்லாவற்றின் விற்பனையையும் தடை செய்தது. பனிப்பாறையில் வெள்ளைக் குட்டிகளை அடித்துக் கொல்லும் படங்களைப் பார்த்து மக்கள் கொதித்த கொதிப்பு அது, அந்தக் கொதிப்பில் பிழையில்லை. வடதுருவத்து இனுயிட் மக்கள் வாழ்வுக்காக வேட்டையாடுபவர்கள், அவர்களுக்கு விலக்கு என்றும் எழுதினார்கள். எழுதி என்ன? தோல் என்றாலே வாங்குபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சந்தை விழுந்தது, விலக்கு கடதாசியில் கிடந்தது. 2014இல் உலக வர்த்தக அமைப்பின் மேன்முறையீட்டுக் குழு, பொதுமக்களின் ஒழுக்க உணர்வைக் காக்க அப்படித் தடை போடலாம் என்று ஏற்றுக்கொண்டது. விலக்குகளை எழுதிய விதம் பாரபட்சமானது என்றும் சொன்னது. பனியில் வாழும் ஒரு தாய்க்கும் குருநகரில் நண்டு உடைக்கும் தாய்க்கும் இந்த இடத்தில் வித்தியாசம் இல்லை. சட்டத்தின் நோக்கம் நல்லதாக இருப்பதால் மட்டும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

கடலடிப்புல்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அக்கரையிலும் பாடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களை வரவழைத்துப் பாராட்டி, பணமும் கொடுத்திருக்கிறார்கள். கடல் ஒன்று. ஆவுளியாவுக்கு எல்லைக் கோடு தெரியாது. இந்தப் பக்கம் வந்தால் மட்டும் வலை அறுத்தவன் தன் கைக்காசில் அழ வேண்டும்.

பேசாலைப் பொடியன்:

நேத்து இரவு மாமாவுக்குக் கோல் எடுத்தன். இதில எழுதினதெல்லாம் வாசிச்சுக் காட்டினன். கனநேரம் பேசாம இருந்தார். பிறகுதான் சொல்லுறார், போன வருசம் வாடைக்கு முந்தி அவர்ட வலையில ஒரு குட்டி ஆவுளியா மாட்டினதாம். உயிரோட. தாய் சுத்திச் சுத்தி வந்ததாம். கத்தியை எடுத்து வலையை அறுத்து விட்டவராம். அந்தத் துண்டு வலை முழுக்கப் போச்சு. அந்த வலைக்கு வாங்கின கடன் இன்னும் முடியவில்லை.

மாமிக்குக் கூட அவர் சொல்லவில்லை. ஏன் மாமா எண்டு கேட்டன். "சொன்னா ஒருத்தன் கேஸ் எண்டுவான், மற்றவன் பைத்தியம் எண்டுவான், ஆர் வலை தரப்போறான்?" எண்டார். எனக்கு அழுகை வந்துட்டுது.

பிறகு அவரே கேட்டார், அமெரிக்கா கேக்கிற அந்தக் கணக்கில இதை எழுதலாமோ எண்டு. மாட்டினது எண்டு மட்டுமோ, விட்டது எண்டும் எழுத இடம் இருக்கோ? எந்த மொழியில எழுதிறது? கடலில நிக்கிற ஆளுக்குப் படம் போட்ட தாள் எண்டா நல்லம், ஓங்கல் படத்துக்குக் கீழ ஒரு கோடு, ஆவுளியா படத்துக்குக் கீழ ஒரு கோடு, உயிரோட விட்டா ஒரு வட்டம். அவர் ஏழாம் வகுப்பு வரைதான் படிச்சவர். இந்த யோசனை அவருடையது.

கொட்டாஞ்சேனை ஜெ:

பொடியன், உங்கட மாமாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. முதல்ல நான் எழுதினதில இல்லாத மிருகம் எண்டு எழுதிப்போட்டன். அதைத் திருப்பி எடுக்கிறன். பெரியம்மாவிட்டயும் வாசிச்சுக் காட்டினன், அவவுக்கும் கேள்வி இருக்கு: அப்பிடிக் கணக்கு எழுதிற வள்ளத்தின்ர நண்டுக்கு ஆலையில கொஞ்சம் கூட விலை வைச்சு வாங்கலாமோ எண்டு. வாங்கிறவையிட்டத்தான் கேக்க வேணும்.

வெள்ளவத்தை வாசி:

எல்லோருக்கும் நன்றி. இந்தக் கடைசி இரண்டு பதிவையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். செயற்றிட்டத்தின் கடைசிப் பக்கத்தில் மாமாவின் தாளை வரைந்துகொண்டிருக்கிறாள். ஆவுளியாவின் வால் எப்படி என்று கேட்கிறாள், பேசாலைத் தம்பி, அது ஓங்கல் வால் மாதிரிப் பிளந்திருக்குமா?

நான் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு மாளிகாவத்தையில் கடற்றொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவேன், ஒரு பிரதி பத்தரமுல்லையில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும். கேட்கப் போவது இவ்வளவுதான்: வலை அறுத்து விட்டவருக்கு வலைக் காசு கிடைக்க ஒரு வழி, மாட்டியதை வந்து சொல்பவர் மேல் வழக்கு வராது என்று எழுத்தில் ஒரு உறுதி, தமிழிலும் சிங்களத்திலும் படம் போட்ட பதிவுத்தாள். சட்டத்தரணி ஐயா, வழக்கு வராது என்பதை எப்படி எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் எழுதினால் அவர்கள் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்கள். அன்ரனி அண்ணா, உங்கள் சங்கத்தின் கையெழுத்தும் கிடைக்குமா?

பேசாலைப் பொடியன்:

ஓம் அண்ணை, ஓங்கல் வால் மாதிரித்தான், நடுவில பிளந்திருக்கும். குட்டியை வரையிறதெண்டா தாய்க்குப் பக்கத்தில ஒட்டி வரையச் சொல்லுங்க.